மன்னார்த் தீவில் நகத்தால் சுரண்டிப் பார்த்தல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

மன்னார் நகரப் புத்தகக் கடையில் நாவலொன்றைக் கையில் எடுப்பவர் முன்னுரையைப் பார்ப்பதில்லை. நேரே பின்னட்டைக்குப் போய், விலை ஸ்டிக்கரின் ஓரத்தைப் பெருவிரல் நகத்தால் சுரண்டுகிறார். அடியில் இந்திய விலை இருக்கும். இச்சுரண்டலே நமது ஆய்வுப்பொருள். பல்கலைக்கழகங்கள் இதை இதுவரை சீண்டாதது ஏனென்று விளங்கவில்லை.

அடியில் 250, மேலே 1,100 என்று வைத்துக்கொள்வோம். இந்திய ரூபாய் ஒன்று நம்முடைய காசில் மூன்றுக்கு மேல் என்பது அவருக்குத் தெரியும், நகத்துக்குத் தெரியாது. போனை எடுத்து அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு, "தம்பி, பிறகு வாறன்" என்று படியிறங்குவார். அந்தப் படம் கழிவு விலையில் விற்கும் ஏதோவொரு கொழும்பு இணையக் கடையைத் தேடிப் போகிறது என்பது தம்பிக்கும் தெரியும்.

இங்கே பூகோளம் குறுக்கிடுகிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் சொச்சம்தான். 1914 முதல் அங்கிருந்து இங்கே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடி, 1984 அளவில் அதுவும் நின்றது. இப்போது சென்னையில் அச்சான நாவல் கொழும்பில் இறங்கி, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தரைவழியாக வந்து சேர்கிறது. இந்தியாவுக்கு மிகக் கிட்டிய ஊருக்கு இந்தியப் புத்தகம் கடைசியாக வருகிறது.

இணையத்திலும் அதே பாதைதான். கழித்த காசு கூரியர் கூலியாகத் திரும்பி வருகிறது. ஒரு புத்தகம் வாங்கினால் லாபம் கூரியருக்கு. ஐந்தாறு சேர்த்து வாங்கினால் வாசகருக்கும் கொஞ்சம் மிஞ்சும். இதை மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது. கலப்பற்ற லாபம் காண்பவை நகரத்துக் கழுதைகளே. கூரியரில் வந்து வீதியோரம் வீசப்பட்ட மட்டைப்பெட்டியை அவை விலை விசாரிக்காமல் மெல்லுகின்றன.

இந்தக் கழிவுக்குக் கடிவாளம் போட்ட நாடும் உண்டு. பிரான்சில் புத்தகத்துக்கு ஐந்து வீதத்துக்கு மேல் கழிவு கொடுக்கக் கூடாதென்று 1981இல் சட்டம் கொண்டுவந்தார்கள், சின்னக் கடைகளைக் காப்பாற்ற. அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் பொதுநூலகத்தோடு பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. இவ்விரண்டையும் ஒரே அட்டவணையில் அடக்கும் முறையியல் நம்மிடம் இல்லை.

மன்னார்க் கடை பிழைப்பதோ நாவலால் அல்ல. பாடநூலை அரசாங்கம் 1980 முதல் இலவசமாகக் கொடுக்கிறது. அதிலும் வருமானம் இல்லை. கொப்பி, பேனை, கடந்தகால வினாத்தாள், போட்டோ கொப்பி, இவையே சோறு போடுகின்றன. நாவல்கள் பின்சுவரில் ஒரேயொரு தட்டில், முதுகு வெளிறி, முதலை முடக்கிக்கொண்டு நிற்கின்றன. கணக்குத் தெரிந்த எவரும் அந்தத் தட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு போட்டோ கொப்பி மெஷின் வைப்பார். நம்முடைய கடைக்காரர் வைக்கவில்லை. கேட்ட புத்தகத்தைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, "மாசக் கடைசியில தாங்கோ சேர்" என்று நீட்டவும் செய்கிறார். கூரியர்க்காரப் பெடியனிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

ஆகவே நமது பரிந்துரை: நாவலை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். பிள்ளையின் கொப்பியையும் வினாத்தாளையும் மட்டும் பக்கத்துக் கடையில் வாங்குங்கள். நாவல் தட்டுக்கு வாடகை கட்டுவது அவைதான்.