பருவநிலை பற்றி மேடையில் பேசுவது எப்படி?

பேச வந்திருக்கும் பெருமக்களே, பருவநிலை மாற்றம் குறித்து மக்களைச் செயலில் இறக்கும்படி பேசவேண்டும் என்று மேலிடம் ஆசைப்படுகிறது. நிஜமாகவே இறங்கிவிடுவார்களோ என்று பயமும் படுகிறது. இரண்டுக்கும் பங்கமில்லாமல் பேசக் கற்றுக்கொடுக்கத்தான் இந்தப் பயிற்சி.

எப்போதும் தூரத்தில் தொடங்குங்கள். பனிக்கரடி உத்தமம். அதற்கு இங்கே ஓட்டு இல்லை, கோர்ட்டுக்கும் போகாது. பிறகு 2100-ஆம் ஆண்டுக்குத் தாவுங்கள். அன்றைக்குக் கேள்வி கேட்க இந்தக் கூட்டத்தாரும் இருக்கமாட்டார்கள், பதில் சொல்ல நீங்களும் இருக்கமாட்டீர்கள்.

பழியை யார் தலையில் கட்டுவது என்பதற்கு பிபி கம்பெனிதான் குரு. உலகமெல்லாம் எண்ணெய் தோண்டி விற்ற அந்த மகானுபாவர்கள் 2004-இல் இணையத்தில் ஒரு கணக்குப்பொறி வைத்து, 'உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?' என்று வாங்குகிறவனைக் கேட்டார்கள். தோண்டியவன் வாத்தியார், பெட்ரோல் போட்டவன் ஃபெயில்! 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் அவர்கள் கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் செத்தார்கள். அதை எந்தப் பொறியில் தட்டுவது என்று கேட்காதீர்கள். அதே வேலைக்கு நமக்கு மஞ்சப்பை இருக்கிறது: பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டு இதைத் தூக்கு என்று வாங்குகிறவனிடமே சொல்லிவிடலாம். நல்ல பைதான், பாவம். தன்னைக் காட்டி எதையெல்லாம் மறைக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பற்றிக் கேட்டால், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று 2022-இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததைச் சொல்லுங்கள். சதுப்பில் பெரும்பகுதி குப்பைமேடாகவும் ஐ.டி. வளாகமாகவும் அடுக்குமாடியாகவும் போய்விட்டது என்பதைச் சொல்லாதீர்கள். காற்றாலை மின்சாரத்தை ஆராயும் மத்திய அரசு நிறுவனமே பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது என்பதை மறந்தும் சொல்லாதீர்கள். சதுப்பின் கையையும் காலையும் வெட்டியெடுத்துவிட்டு மிச்ச உடம்புக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். பக்கத்து வேளச்சேரியில் தண்ணீர் ஏறினால் 'வரலாறு காணாத மழை' என்றால் போதும். மழைக்கு மானநஷ்ட வழக்குப் போடத் தெரியாது. ஏரிக்கரைக் குடிசையைக் காட்டி ஆக்கிரமிப்பு என்று முழங்குங்கள். பக்கத்திலேயே பன்னிரண்டு மாடி நின்றால் அண்ணாந்து பார்க்காதீர்கள், கழுத்து சுளுக்கும்.

2023 டிசம்பரையும் தொடவேண்டாம். அந்த மாதம் துபாயில் உலகப் பருவநிலை மாநாடு. தலைவர் யார்? அபுதாபி அரசு எண்ணெய்க் கம்பெனியின் தலைமை அதிகாரி! புதைபடிவ எரிபொருளை விட்டு விலகவேண்டும் என்று முடிவுத் தாளில் எழுத 28 மாநாடு ஆயிற்று. எழுதிவிட்டு எழுந்து நின்று கைதட்டிக்கொண்டார்கள். அதே நாட்களில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சென்னை எண்ணூர் கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டது. மீனவர்கள் மக்கையும் வாளியையும் வைத்து அதை அள்ளினார்கள். உலகத்துக்கே ராக்கெட் விடுகிற நாட்டில், அய்யா, பிளாஸ்டிக் மக்கு!

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஆர்வக்கோளாறில் யாராவது 'இந்த ஏரி இந்த சர்வே எண், இந்த வருஷம் பட்டாவாக மாறியது, கையெழுத்துப் போட்டவர் இவர், பத்திரம் பதிந்தவர் இவர்' என்று மேடையில் வாசித்துவிடாதீர்கள். பனிக்கரடியைச் சொன்னபோது தூங்கிய கூட்டம் அப்போது விழித்துக்கொள்ளும். திங்கட்கிழமை மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும். அப்புறம் உங்களுக்கு எந்த மேடையிலும் மைக் கிடைக்காது.