எட்டு மீட்டர் மனிதர்

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 106-ஆம் விதிக்குள், ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். வண்டியின் முகப்பு விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்புறமாக, தரைக்கு மேல் 1.5 மீட்டர் உயரத்தில் கண்கள் அமையும்படி நிற்கிற இவருடைய பார்வை கூசாதிருக்கும்பொருட்டே, இந்தியாவில் ஓடுகின்ற ஒவ்வொரு மோட்டார் வண்டியின் ஒளியும் நிரந்தரமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவரால் தாழ்த்தத் தக்கதாகவேனும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஆக்ஞை. தொல்காப்பியர் காலம் எது, கரிகாலர்கள் எத்தனை பேர் என்னும் விஷயங்களில் நூல்களை மலைமலையாக எழுதிக் குவித்த நம் பண்டித சிகாமணிகள், எவர் ஒருவருடைய கண்ணை முன்னிட்டு நாடெங்கும் லாரிகளும் பஸ்களும் டாக்சிகளும் எஃப்.சி. என்னும் பரீட்சைக்கு வரிசையில் நிறுத்தப்படுகின்றனவோ, அவரைப் பற்றி ஒரு சிறு பிரசுரமும் வெளியிடாமல் இருந்துவிட்டார்கள். அக்குறையை ஒருவாறு நீக்குவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதற்கண் அவருடைய தேக அமைப்பைக் கவனிப்போம். கண்களைத் தவிர வேறு அவயவம் எதையும் விதி குறிப்பிடவில்லை; ஆயினும் கண்ணுக்கு மேல் உச்சந்தலை வரையில் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் மனிதர்க்கு உண்டு என்பது பிரத்தியட்சமாதலால், அவர் 5 அடி 3 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ளவர் என்று அனுமானிக்கலாம். எதிரே வரும் காரை ஓட்டுபவராக அவர் இருக்க இயலாது. காரில் அமர்ந்திருப்பவருடைய கண் அத்தனை உயரத்தில் இராது. லாரி ஓட்டுபவராகவும் இருக்க இயலாது. அவருடைய கண் அதற்கு வெகு மேலே இருக்கும். எஞ்சுகிறவர்கள் சைக்கிளில் வருகிறவரும் நடந்து போகிறவரும்தாம். இவ்விருவரில் இவர் யார் என்பது குறித்து அபிப்பிராய பேதத்துக்கு இடமுண்டு என்றாலும், விதி அவரை 8 மீட்டரிலேயே அசையாமல் நிறுத்தி வைத்திருப்பதையும், அசையாமல் சைக்கிளில் அமர்ந்திருக்க வேண்டுமானால் காலைத் தரையில் ஊன்றியாக வேண்டும் என்பதையும், காலை ஊன்றினால் உடம்பு சரிந்து கண்ணின் உயரம் சட்டத்துக்குப் புறம்பாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்குங்கால், அவர் பாதசாரியே என்பது நம் துணிபு.

இனி அவர் நிற்கும் ஸ்தலத்தின் விசேஷம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடப்பதால், அது அவரை அரை விநாடிக்குள் வந்தடைந்துவிடும். அந்த அரை விநாடியில் அவருக்குக் கண் கூசக் கூடாது என்பதில் சட்டம் கொண்டுள்ள கரிசனம் போற்றத்தக்கது; நள்ளிரவில் நடுச்சாலையில், லாரிக்கு ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில், அவர் எதற்காக நிற்கிறார் என்பதைச் சட்டம் விசாரிக்கவில்லை. லாரி கடந்து போகும் வேகத்தில் அவருடைய மேல்துண்டு என்ன ஆகும் என்பதற்கும் விதியில் பரிகாரம் கூறப்படவில்லை.

இவருடைய வம்சாவளியைத் தேடிச் சென்றால், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் வழங்கிய விளக்கு விதிகளில் ஒரு மூதாதையைக் காண்கிறோம். அவர் 25 அடிக்கு அப்பால் நின்றார். அவருடைய கண் 3 அடி 6 அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில் இருந்தது. 25 அடி என்பது மெட்ரிக் அளவில் 7.62 மீட்டர்; ஆகவே நம்மவருடைய 8 மீட்டர் பரம்பரைச் சொத்து என்று கொள்ளத் தடையொன்றும் இல்லை. கண்ணின் உயரம் மட்டும் 1.07 மீட்டரிலிருந்து 1.5 மீட்டராக வளர்ந்துவிட்டது. அன்னிய ஆட்சியில் கூனி நின்றவர் சுதந்திரம் பெற்றபின் நிமிர்ந்து நின்றதன் அடையாளம் இது என்று ஒரு வாதம் எழுப்பலாம். அது மேடைக்கு உகந்தது, ஆராய்ச்சிக்கு உகந்ததன்று. பிரிட்டிஷ் விதி 'குறையாத' என்று சொன்னதனால் சிறுவர்கள் முதல் நெட்டையர்கள் வரை அனைவரையும் ஓர் எல்லைக்கு மேல் அணைத்துக்கொண்டது. நம் விதியோ ஒரே ஓர் உயரத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டபடியால், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கண்ணுக்கு ஏற்படும் கூச்சம் அதன் எழுத்துக்கு வெளியே நிற்கிறது.

இவர் தனியாகவும் இல்லை. இதற்கு முந்தைய 105-ஆம் விதியில், சூரியாஸ்தமனத்துக்கு அரை மணி பின்னிட்டு உதயத்துக்கு அரை மணி முன்வரையிலும், வெளிச்சம் போதாத பிற வேளைகளிலும், வண்டியின் விளக்குகளால் 155 மீட்டர் தூரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டியவராக இன்னொரு மனிதர் வருகிறார். முன்னவருடைய உரிமை ஒளியிலிருந்து காக்கப்படுவது. பின்னவருடைய உரிமை ஒளியால் காட்டப்படுவது. ஓட்டுநர் பாஷையில் சொன்னால், பின்னவருக்கு 'பிரைட்' வேண்டும், முன்னவருக்கு 'டிம்' வேண்டும். 'டிம்' ஒளி அத்தனை தூரம் போவதில்லையாதலால் இரண்டு கக்ஷிகளையும் ஏககாலத்தில் திருப்தி செய்ய இயலாது. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வரும்போது, அவன் முதலில் டிம் அடிக்கட்டும் என்று இவனும், இவன் முதலில் அடிக்கட்டும் என்று அவனும் மரியாதை நிமித்தம் காத்திருந்து, இருவரும் ஒருவரையொருவர் குருடாக்கிக்கொண்டு கடந்து செல்வது இந்த முரண்பாட்டின் பலன். நான்கு வழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளியை வரிசையாக நட்டு வளர்த்த நெடுஞ்சாலைத் துறையார், சட்டத்தால் ஆகாததைச் செடியால் சாதித்தார்கள். லாரி விளக்கை வருஷம் முழுவதும் ஒழுங்காகத் தடுத்து நிறுத்துகிற ஒரே அதிகாரி அந்த அரளிதான். அதற்கும் வெயில் காலத்தில் தண்ணீர் லாரி வர வேண்டியிருக்கிறது.

இப்பொழுது எஃப்.சி.க்கு வருவோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி, வாடகைக்கும் சரக்குக்கும் ஓடுகிற வண்டிகள் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். எட்டு ஆண்டு நிறையும் வரையில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி.க்குக் காட்டும் நாள் நெருங்க நெருங்க, பட்டறையில் லாரி அடைகிற புனர்ஜன்மம் வர்ணனைக்கு அடங்காது. உடம்பு முழுவதும் புதுப் பெயின்ட். முன்னால் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று விதிப்படி ஒளிரும் பட்டைகள். பதினோரு மாத காலமாக இடது பக்கம் திரும்புவதை உலகுக்கு அறிவிக்காமலே திரும்பிவந்த இண்டிகேட்டர், ஒயரிங் கடைக்காரருடைய கை பட்டதும் துடிக்கத் தொடங்குகிறது. அக்கடைகளின் வாசலில், "அண்ணே, சாயங்காலம் எஃப்.சி. முடிஞ்சதும் அந்த ஒரு பல்பை மட்டும் கழட்டிக் கொடுத்திடறேன்" என்னும் வாக்கியம் காதில் விழுந்தால், கேட்பவர் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை. இரவல் பல்பும் எரிகிற வரையில் பல்புதானே!

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரார் வழங்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார். "பிரைட் போடு... டிம்... லெஃப்ட்... ரைட்... பின்னாலே பிரேக்கை மிதி" என்று அவர் சொல்லச் சொல்ல, உள்ளிருப்பவர் "போட்டாச்சு சார்" என்கிறார். இந்நிகழ்ச்சி நடைபெறுகிற நேரம் முற்பகல் பதினொரு மணி என்பதே இவ்வாராய்ச்சியின் கேந்திரம். உச்சி வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போவது. அதன் நடுவில் ஒரு பல்பு எரிகிறதா இல்லையா என்பதை அறிவதற்கே இன்ஸ்பெக்டர் கையிலுள்ள கோப்பை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் நம் எட்டு மீட்டர் மனிதரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினாலும், அவருடைய கண் கூசுமாயின் அது சூரிய பகவானால் கூசுமேயன்றி லாரியால் அன்று. அரசு அலுவலகம் மாலை 5.45-க்கு முடிகிறது. சென்னையில் சூரியன் மிக முன்னதாக மறைகிற நவம்பர் மாதத்திலும் அஸ்தமனம் சுமார் 5.40, அதன்மேல் விதி தருகிற அரை மணியைக் கூட்டினால் 6.10. ஆகவே, ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்தாலொழிய, விளக்குச் சட்டம் கண் விழிக்கும்போது விளக்கைப் பரிசோதிக்கும் அலுவலகம் பூட்டியிருக்கும். இவ்விரண்டும் வருஷத்தில் ஒரு நாளாவது சந்தித்துக்கொள்ளாதபடி காலத்தைப் பங்கிட்டுக் கொடுத்த நிர்வாக சாதுரியத்தை என்னவென்று சொல்வது!

முகப்பு விளக்கின் மேற்பாதியில் கறுப்புப் பெயின்ட் அடிப்பதும், நடுவில் வட்டமாகக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுமாகிய சம்பிரதாயத்தைப் பற்றியும் இங்கே ஆராய வேண்டும். 106-ஆம் விதியில் கறுப்பு என்ற பேச்சே இல்லை. திருஷ்டிப் பொட்டு என்று கொள்வாரும் உளர்; நாம் பௌதிக சாஸ்திர வழியில் செல்வோம். பழைய கண்ணாடி விளக்குகளில் பொருத்தும் ஹாலோஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் உள்ளன; டிம்முக்கு உரிய இழையின் அடியில் ஒரு சிறிய உலோகத் தகடு கிண்ணம்போல் அமைந்து, அதன் ஒளி பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் மறைக்கிறது. மேற்பாதியில் மட்டும் பட்ட ஒளி, சாய்ந்து, சாலையை நோக்கித் தாழ்கிறது. பிரைட் இழைக்கு அத்தகைய மறைப்பு இல்லை. அது மேலும் கீழும் சுற்றிலும் பரவுகிறது. எனவே, கண்ணாடியின் மேற்பாதியைக் கறுப்பால் மூடும்போது நாம் பெரும்பாலும் மூடுவது யாருக்கும் தீங்கு செய்யாத டிம் ஒளியை. பிரைட்டின் ஒரு பாதி கீழே தங்குதடையின்றி வெளியேறுகிறது. டிம்மில் சாலை தெரியாமற் போகவே ஓட்டுநர் பிரைட்டையே நாடுகிறார். கண் கூச்சத்தைத் தடுக்க அடித்த பெயின்ட் கண் கூச்சத்தை வளர்க்கிறது என்னும் இந்த முடிவைப் பெயின்ட் கடைக்காரர்கள் ஆட்சேபிக்கலாம்.

பிரிட்டனில் 1960 முதல் நடந்துவரும் எம்.ஓ.டி. என்னும் வருடாந்தரப் பரிசோதனையில் இவ்விஷயம் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது. பகலில் மட்டுமே ஓட்டுவதாக உள்ள வண்டியில் விளக்கே இல்லாமலிருந்தாலும், இருக்கிற விளக்கு நிரந்தரமாக மூடப்பட்டோ இணைப்பு நீக்கப்பட்டோ இருந்தாலும், விளக்குச் சோதனையை விட்டுவிட்டு, இது பகலுக்கு மட்டும் என்று ஒரு குறிப்பை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நம் முறையில் வண்டியைப் பகலில் சோதித்து இரவுக்கு அனுமதி அளிக்கிறோம். தர்க்க சாஸ்திரம் அறிந்தவர்கள் இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்மானிக்கட்டும்.

எஃப்.சி. சோதிப்பது திறனையேயன்றி நடத்தையை அன்று. தாழ்த்தத் தக்கதா என்பது கேள்வி. தாழ்த்துகிறாரா என்பது அங்கே கேட்கப்படுவதில்லை. சான்று கையில் வந்த சில வாரங்களில் வலது விளக்கு அணைந்துபோய், இடது விளக்கு மட்டும் எரிய வருகிற லாரியை, எதிரே வருகிறவர் மோட்டார் சைக்கிள் என்று எண்ணி நெருங்குவதும், நெருங்கிய பிறகு அந்த மோட்டார் சைக்கிளுக்கு எட்டடி அகலம் இருப்பதைக் காண்பதும் விளையாட்டுக்கு உரிய சங்கதி அல்ல. ஒளியின் சாய்வை அளக்கும் கருவி உலகத்துக்குப் புதியதன்று: தண்டவாளத்தில் நகரும் ஒரு பெட்டி, அதன் முகத்தில் ஒரு லென்ஸ், உள்ளே ஒரு திரை, பட்டப்பகலிலும் அது சரியாகவே சொல்லும். தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை மத்திய சர்க்கார் 2021-ல் வகுத்தது. அப்பெட்டி எங்கும் வந்து சேர்கிற வரையில், விளக்குச் சோதனையை மட்டுமாவது இரவு ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று விண்ணப்பித்துக்கொள்கிறோம். மைதானம் இருக்கிறது, இருட்டு இலவசமாகக் கிடைக்கிறது.

லாரிக்காரரைப் பரிகசித்து முடித்துவிட்டதாக வாசகர் மகிழ வேண்டாம். சொந்தக் காரும் ஸ்கூட்டரும் வைத்திருப்பவருக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அத்தனை காலமும் அவருடைய விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எவரும் கேட்பதில்லை. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் விளக்கு தானாகவே பகலிலும் எரியத் தொடங்கியபோது, ஐந்து விரலையும் குவித்து விரித்து "லைட்டு எரியுதுங்க" என்று முன்பின் தெரியாதவருக்குச் சைகை செய்த நம் மக்கள், கண்ணைப் பறிக்கிற வெள்ளை எல்.ஈ.டி. பல்பைத் தம் காரில் மாட்டிக்கொண்டு வருகிறவருக்கு அப்படியொரு சைகை செய்து பார்த்ததில்லை. அந்தப் பல்பில் ஒளி பிறக்கும் இடம் பழைய இழை இருந்த இடத்தோடு பொருந்தாவிட்டால், தாழ்ந்த ஒளியின் மேல்விளிம்பு கலைந்து எதிரே வருகிறவர் முகத்தில் ஏறிவிடும். ஆதலால், கார் வைத்திருக்கும் வாசகர் இன்று இரவே ஒரு காரியம் செய்ய வேண்டும். சமதளமான இடத்தில் ஒரு சுவருக்கு 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, டிம் போட்டு, சுவரில் விழும் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்திலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், விளக்கின் பின்புறத்தில் அதற்கென்றே ஒரு திருகு இருக்கிறது. ஸ்குரூ டிரைவரைக் கொண்டு திருப்பினால் இறங்கிவிடும்.