மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

1957-இல் வந்த ‘மாயா பஜார்’ தமிழ்ப் படத்துக்கு நாயகன் ஜெமினி கணேசன்தான், சட்டப்படி. அபிமன்யுவாக முகவெட்டு பிரமாதம். கிரீடத்தைக் கழற்றினாலும் பெண் கொடுப்பார்கள். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் நிலவொளியில், ஓடத்தில் அமர்ந்து, காதலி வத்சலாவாக வரும் சாவித்திரியைப் பார்க்கிறார். நன்றாகவே பார்க்கிறார். நடுவில் கடோத்கஜனோடு ஒரு சண்டை. மற்றபடி, அவர் கல்யாணத்துக்கான தில்லுமுல்லு முழுவதையும் என்.டி.ஆரின் கிருஷ்ணனும் எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜனுமே பார்த்துக்கொள்கிறார்கள். லட்டுகள் தாமாகப் பறந்து ரங்காராவின் வாய்க்குள் போகின்றன. ரசிகர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். போதாததற்கு, வத்சலாவாக உருமாறிய கடோத்கஜனாகச் சாவித்திரி காட்டும் ஆண்பிள்ளை மிடுக்கு இருக்கிறதே, அது அபிமன்யுவிடம்கூட இல்லை! அழகுக்கு ஜெமினிக்கு நூற்றுக்கு நூறு. நடிப்புக்கு? பாவம், அவருக்குக் கேள்வித்தாளே தரவில்லை.