ஆகாயத்தாமரையை ஒழிக்க நீர்யானை தேடிய கதை

அமேசான் படுகையில் பிறந்து வளர்ந்தவரை ஆகாயத்தாமரை அடக்க ஒடுக்கமான செடிதான். ஆண்டுதோறும் வெள்ளம் வந்து வாரிச் சுருட்டிக்கொண்டு போகும். தப்பியதை அதற்கென்றே பிறந்த கூன்வண்டுகள் துளைத்துத் தின்னும். வீட்டில் அடியும் உதையும் வாங்கி வளர்ந்த பிள்ளை வெளியூர் ஹாஸ்டலில் சேர்ந்தால் என்ன செய்யும்? அதைத்தான் இதுவும் செய்தது.

ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், ஊதாப் பூவைக் கண்டு சொக்கிப்போன 19-ஆம் நூற்றாண்டுச் சீமான்கள். 1884-இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வந்தவர்களுக்கெல்லாம் இந்தச் செடியை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கேட்டால் கதை சொல்பவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். எப்படியோ, 1890-களில் அது ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது. மாட்டுக்குத் தீவனமாகும் என்று பண்ணைக்காரர்கள் வேறு மனமார வரவேற்றார்கள்.

வசதியான தண்ணீர் கிடைத்தால் இந்தச் செடி இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஒரு செடி ஐந்து மாதத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டும். கணக்கு வாத்தியார் சொன்னால் நம்பாதவர்கள் நீராவிப் படகு நடு ஆற்றில் சிக்கி நின்றபோது நம்பினார்கள். 1899-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ராணுவத்தின் பொறியாளர் படையையே இறக்கியது. எதிரி ஒரு செடி. வெட்டிப் பார்த்தார்கள், வாரிப் பார்த்தார்கள். பிறகு ஆர்சனிக் தெளித்தார்கள். விஷம் பட்ட செடியை மாடுகள் தின்றன. தின்ற மாடுகள் செத்தன. மாடு தின்னும் என்று விட்ட செடி மாட்டைத் தின்றது. கடைசியில், ஃபுளோரிடாவில் மாட்டுக்கு ஆகாத மருந்தைத் தெளிக்கக் கூடாது என்று 1905-இல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில்தான் லூசியானாவின் மக்கள் பிரதிநிதி ராபர்ட் புரூஸர்ட் அரங்கத்துக்கு வருகிறார். அப்போது அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. ஆறெங்கும் ஆகாயத்தாமரை. இரண்டையும் கூட்டிப் பார்த்த அவருக்கு விடை கிடைத்தது: நீர்யானை! ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஆற்றில் விடுவது. அது செடியைத் தின்னும். நாம் அதைத் தின்போம். 1910-இல் இதற்காக 2,50,000 டாலர் கேட்டு மசோதாவே கொண்டுவந்தார். பத்திரிகைகள் நீர்யானைக் கறிக்கு 'ஏரிப் பசு' என்று செல்லப்பெயர் சூட்டி நாக்கைச் சப்புக்கொட்டின.

அவருக்குத் துணை நின்ற இரண்டு நிபுணர்கள் அதைவிட விசேஷம். ஒருவர் பர்னம், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷாருக்கு உளவு பார்த்தவர். இன்னொருவர் டூக்கேன், அதே போரில் எதிர்ப்பக்கம். ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டத் தேடி அலைந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள், நீர்யானைக்காகத் தோளோடு தோள் சேர்ந்தார்கள். மசோதா நிறைவேறவில்லை. டூக்கேன் வேறு தொழில் பார்க்கப் போய், 1941-இல் அமெரிக்காவில் நாஜி உளவுக் கும்பலின் தலைவராகப் பிடிபட்டார்.

இவ்வளவு அமர்க்களத்திலும் நீர்யானையின் சாப்பாட்டு நேரத்தை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. அது பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும். இரவானால் கரையேறிப் போய்ப் புல் மேயும். விடிவதற்குள் திரும்பி வந்து, மேய்ந்ததையெல்லாம் சாணமாகத் தண்ணீரில் கழிக்கும். அதாவது, ஆகாயத்தாமரையை ஒழிக்கப் புரூஸர்ட் இறக்குமதி செய்யப் பார்த்தது, டன் கணக்கில் எரு போடும் நடமாடும் உரக்கிடங்கை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது உண்டு. இங்கே குரங்குக்கு வாழைத்தோப்பும் சேர்த்து எழுதிவைக்கப் பார்த்தார்கள்.

சந்தேகம் இருந்தால் கொலம்பியாவைக் கேட்கலாம். போதைப்பொருள் மன்னர் பாப்லோ எஸ்கோபார் தன் பண்ணைக்கு வரவழைத்த நான்கு நீர்யானைகள், 1993-இல் அவர் செத்த பிறகு பெருகி இப்போது 150-ஐத் தாண்டிவிட்டன. அவை கிடக்கும் ஏரிகளில் சாணத்தால் சத்து ஏறி, பாசி பெருகுவதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 2022-இல் அரசு நீர்யானையையே ஆக்கிரமிப்பு உயிரினமாக அறிவித்துவிட்டது.

நம் பக்கமும் சளைத்ததல்ல. 1905-இல் இலங்கைக்கு வந்த செடிக்கு, 1909-இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். நாலே வருஷத்தில் அரசாங்கத்தை ஒரு காரியம் செய்யவைத்த பெருமை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

வங்காளத்தில் கதை இன்னும் கலகலப்பு. வயலில் புகுந்து நெல்லை அமுக்கியது; ஓடையில் புகுந்து படகை நிறுத்தியது. முதல் உலகப் போர்க் காலத்தில் இதைக் கொண்டுவந்து விட்டது ஜெர்மன்காரன்தான் என்று வதந்தி கிளம்பியது. 1921-இல் குழு போட்டார்கள். தலைவர், செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று உலகத்துக்குச் சொன்ன ஜகதீஷ் சந்திர போஸ். கொல்லும் வழி சொல்ல அவரையா கூப்பிடுவது! 1936-இல் சட்டம் வந்தது: வீட்டிலோ நிலத்திலோ ஆகாயத்தாமரை வைத்திருப்பது குற்றம். 1937 தேர்தலில் கட்சிகள் போட்டிபோட்டுக்கொண்டு அதை ஒழிப்பதாக வாக்குறுதி அளித்தன. ஜெயித்த ஃபஸ்லுல் ஹக் உண்மையாகவே அதன்மேல் போர் தொடுத்தார்.

ஆனால் அது ஏன் அங்கே அப்படிக் கொழித்தது? வரலாற்றாசிரியர் இஃப்தெகார் இக்பால் கையைக் காட்டுவது ரயில் பாதையை. வெள்ளம் பரவி ஓடிய டெல்டா அது. அதன் குறுக்கே ரயிலுக்காக வெள்ளைக்காரன் மண்மேடு மண்மேடாக எழுப்பினான். வெள்ளத்துக்குப் போக வழியில்லை, தண்ணீர் தேங்கியது. தேங்கிய தண்ணீர்தான் ஆகாயத்தாமரைக்கு மாமனார் வீடு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். செடிமேல் குழு போட்ட சர்க்கார், தண்டவாளத்தின் மேல் ஒரு குழு போடவில்லை.

அதே நாடகத்தைச் சுதந்திர இந்தியா சொந்தச் செலவில் அரங்கேற்றியது. கேரளத்தின் குட்டநாட்டில் நெல் வயலுக்குள் கடல்நீர் ஏறாமல் தடுக்க, 1970-களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டினார்கள். உப்பு நின்றது. ஆகாயத்தாமரையின் பரம வைரி உப்பு என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆண்டுக்கொரு முறை கடல் உள்ளே வந்து சம்பளம் வாங்காமல் செடியைக் கொன்றுகொண்டிருந்தது. அந்த ஆளை வேலையைவிட்டு நிறுத்தினோம். வேம்பநாட்டுக் காயலின் தென்பாதியில் செடி பட்டா போட்டுக்கொண்டது.

விக்டோரியா ஏரியில் வானிலையே கட்சி மாறி விளையாடியது. 1990-களில் ஏரியின் துறைமுகங்களை ஆகாயத்தாமரை அடைத்தது. அதன் சொந்த ஊர்க் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நேரம் பார்த்து 1997-98-இல் எல் நினோ. புயலும் அலையும் பச்சைப் பாயைக் கிழித்துப் போட்டன. செடி சரிந்தது. வெற்றி யாருக்கு, வண்டுக்கா எல் நினோவுக்கா என்று விஞ்ஞானிகள் வழக்காடிக்கொண்டிருக்க, 2006 இறுதியில் கொட்டிய மழை, கரையோர வயல்களின் உரத்தையும் மண்ணையும் கழுவி ஏரியில் விட்டது. சேற்றில் 20 ஆண்டுகூட உறங்கக்கூடிய விதை, விருந்து வந்ததும் எழுந்து உட்கார்ந்தது. புயல் அழித்ததை மழை திருப்பிக் கொடுத்தது.

இதுவரை குளிர்தேசத்தாரை மட்டும் உறைபனி காப்பாற்றி வந்தது. செடிக்கு அது ஆகாது. பூமி சூடாகச் சூடாக அந்தக் காவலாளியும் பின்வாங்கிக்கொண்டிருக்கிறார்.

சென்னையில் நமக்கு அந்தக் கவலை இல்லை. உறைபனி என்றைக்குமே கிடையாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கூவத்திலும் அடையாற்றிலும் மிதவை இயந்திரங்கள் இறங்கி, ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடும். செய்தித்தாளில் படம் வரும். செடியை வாரிய இடத்துக்குப் பக்கத்திலேயே கழிவுநீர் கொட்டிக்கொண்டு அடுத்த பந்திக்கு இலை போடும்.

ராணுவம், ஆர்சனிக், சட்டம், தேர்தல் அறிக்கை, வண்டு என்று நூறாண்டுக்கும் மேலாகச் செடியின்மேல் எல்லாவற்றையும் ஏவிப் பார்த்தாயிற்று. ஓடும் நீரைத் தேக்கியதும், தேங்கிய நீரில் சாக்கடையை விட்டதும், உப்பை விரட்டியதும் நாம். அடுத்த முறை குழு போடுகிறவர்கள் கழிவுநீர்க் குழாயை முதல் குற்றவாளியாகச் சேர்க்கட்டும். ஆகாயத்தாமரை எங்கேயும் ஓடிவிடாது. அதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.