உலகம் அழியட்டும், நான் மலை பார்த்துவிட்டு வருகிறேன்: வீடியோ கேமில் சும்மா சுற்றுதல் குறித்த ஓர் ஆய்வு

உலகத்தைக் காப்பாற்று என்று சொல்லி அனுப்பப்பட்டவன், அந்த வேலையைக் கிடப்பில் போட்டுவிட்டு ஏரிக்கரையில் நின்று பொழுது சாய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதே இங்கே ‘சும்மா சுற்றல்’ எனப்படும். இதில் மிஷன் இல்லை, பாயின்ட் இல்லை, ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை. இதை வெட்டிவேலை என்பர் வீட்டார். விளையாடத் தெரியாதவன் என்பர் நண்பர்கள். இரு சாராரும் பொருளை ஆராயாது பேசுகின்றனர். கேமின் கதை என்பது நம்மை ஊர் ஊராகக் கூட்டிப்போக வைத்த சாக்கு, காட்சியே மெய்ப்பொருள் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்சான்று, வில்லன்களின் பொறுமை. 2011இல் வந்த ஸ்கைரிமில் ஆல்டுயின் என்ற டிராகன் உலகத்தையே விழுங்க வந்திருக்கிறது. நாயகனோ வழியெல்லாம் பூப்பறித்துக்கொண்டும் பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டும் திரிகிறான். டிராகன் ஒன்றும் சொல்வதில்லை. 2017இன் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டில் இளவரசி நூறாண்டாகக் கோட்டைக்குள் அரக்கனைத் தனியாளாகக் கட்டிப்போட்டிருக்கிறாள். நூறு வருஷம் தாக்குப்பிடித்தவள் இன்னும் ஆறு மாதம் தாங்கமாட்டாளா என்று நாயகன் லிங்க் மலையேறப் போய்விடுகிறான். அவளும் தாங்குகிறாள். கதைதான் பெரிதென்றால் படைத்தவர்கள் ஒரு கடிகாரத்தை வைத்திருக்க மாட்டார்களா? வைத்தவர்களும் உண்டு. அதே செல்டா வரிசையில் 2000இல் வந்த மஜோராஸ் மாஸ்க், மூன்று நாள் கெடு கொடுத்து நிலாவைத் தலையில் தள்ளிவிடும். நம் முடிபுக்கு ஒத்துவராததால் அதை ஆய்வு எல்லைக்கு வெளியே வைத்தோம்.

இரண்டாம் சான்று சற்று விரிவாகப் பார்க்கத்தக்கது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, 2018இல் வெளிவந்தது. கதை நடப்பது 1899இன் அமெரிக்காவில். நாயகன் ஆர்தர் மார்கன் ரயில் கொள்ளையன். பிங்கர்டன் துப்பறிவாளர்கள் துரத்துகிறார்கள், கூட்டத் தலைவன் டச்சு பணம் பணம் என்று உயிரை எடுக்கிறான். இத்தனை நெருக்கடியிலும் ஆர்தர் பையில் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறான். பார்த்த இடங்களையும் விலங்குகளையும் அதில் பென்சிலால் வரைகிறான், பக்கத்தில் இரண்டு வரி எழுதியும் வைக்கிறான். கொள்ளைக்காரனுக்கு எதற்கு ஓவியம்? நாயகனே நம் கட்சிதான் என்று சொல்லாமல் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இது போதாதென்று, மேப்பில் ஓர் இடத்தைக் குறித்துவிட்டு கேமராவை சினிமா கோணத்துக்கு மாற்றினால், குதிரை பாதை பிடித்துத் தானே போகும்; நாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். பனியில் நடந்தால் கால் புதைந்த தடம் நிற்கிறது. குளிர்ப் பகுதிக்குப் போனால் ஆண் குதிரையின் ஓர் உறுப்பு சுருங்குமாறுகூடச் செய்திருக்கிறார்கள். அதை மேலும் விரிக்க ஆய்வு நெறி இடம் தராது. சுட்டுத்தள்ளிவிட்டு ஓடுகிறவனுக்காக யாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை.

இனி நிலப்பாகுபாடு. கேம் உலகங்கள் நம் ஐந்திணைக்குள் அடங்குமா என்று கேட்பார்க்கு, அடங்கும் என்க. ஸ்கைரிமின் உச்சி மலை குறிஞ்சி. அதற்கு ஏழாயிரம் படி என்று ஊரெல்லாம் பேச்சு. பொறுமையாக எண்ணிப் பார்த்த ரசிகர்கள் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை என்கிறார்கள். ரெட் டெட்டின் மாடு மேயும் புல்வெளி முல்லை. விட்ச்சர் 3க்கு 2016இல் வந்த துணைக்கதையில் துசான் என்ற நாட்டின் திராட்சைத் தோட்டங்கள் மருதம். அசாசின்ஸ் கிரீட் ஒடிசியின் கிரேக்கத் தீவுகள் நெய்தல். பாலைக்குத் தனி நிலம் தேட வேண்டாம். கிராபிக்ஸ் செட்டிங்கை ‘லோ’வில் வைத்தால் குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்து தாமே பாலையாகும். ஐந்துக்கும் உரிப்பொருள் ஒன்றே, அது போட்டோ மோட்.

அகத்திணை ஏழாயிற்றே, மற்ற இரண்டு எங்கே என்றால், சொல்கிறோம். ரெட் டெட்டை கம்ப்யூட்டரில் ஏற்ற 150 ஜிபி இடம் வேண்டும், நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். இரண்டும் இல்லாதவர், வேறொருவர் அதில் பேசாமல் நடந்துபோகும் வீடியோவை யூடியூபில் இரவெல்லாம் பார்க்கிறாரே, அது கைக்கிளை. பெருந்திணைக்குச் சான்று கர்ட் ஜே. மேக் என்ற அமெரிக்கர். மைன்கிராஃப்டின் பழைய பதிப்பில் தொடக்கப் புள்ளியிலிருந்து சுமார் 1 கோடியே 25 லட்சம் கட்டங்கள் தாண்டினால், நிலத்தை உருவாக்கும் கணக்கு குழம்பி, மலைகள் சல்லடையாகத் துளைபட்ட பெருஞ்சுவர்போல் நிற்கும். அதைக் காண 2011 மார்ச்சில் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினார். ஒரு கட்டம் ஒரு மீட்டர். அதே ஆண்டில் வந்த புதுப் பதிப்பு அந்தப் பிழையைத் திருத்திவிட்டது; அவர் பழைய பதிப்பை விடவில்லை. ஆண்டுக்கணக்காக நடந்தார், நடந்துகொண்டே குழந்தைகள் நலனுக்கு நன்கொடையும் திரட்டினார். பிழையைப் பார்க்கப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடக்கத் துணிவது பொருந்தாக் காமம் அன்றி வேறென்ன?

இனி மறுப்பு. “மரமும் மலையும்தான் பார்க்கணும்னா மொட்டை மாடிக்குப் போயேன்டா, அப்படியே காய்ஞ்ச துணியையும் எடுத்துட்டு வா” என்பது தாய்மார் கூற்று. வலுவான வாதம்தான், பிற்பகுதி குறிப்பாக. ஆயினும் மொட்டை மாடியிலிருந்து 1274இன் சுஷிமா தெரியாது. மங்கோலியர் படையெடுத்த அந்த ஜப்பானியத் தீவைக் களமாக்கி 2020இல் வந்தது கோஸ்ட் ஆஃப் சுஷிமா. அதில் வழிகாட்ட அம்புக்குறி இல்லை, காற்றுதான் புல்லைச் சாய்த்துத் திசை சொல்லும். வெந்நீர் ஊற்றில் இறங்கி உட்காரலாம், ஹைக்கூ கட்டலாம். அதே ஆண்டு நிஜச் சுஷிமாவில் ஒரு கோயிலின் தோரீ வாயில் சூறாவளியில் விழுந்தது. திரும்ப நிறுத்த நிதி கேட்டபோது, அந்தத் தீவைத் திரையில் மட்டுமே பார்த்த கேம் ரசிகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். கேட்டதைப் போலப் பல மடங்கு சேர்ந்தது. அடுத்த ஆண்டு கேமை உருவாக்கியவர்களில் இருவரைத் தீவின் சுற்றுலாத் தூதர்களாகவே அறிவித்தார்கள். வெட்டியாகச் சுற்றியவர்களால் ஒரு கோயில் வாசல் எழுந்திருக்கிறது. வேலை மெனக்கெட்டு மிஷன் முடித்தவர்கள் இப்படி எதையாவது காட்டட்டும், பார்க்கலாம்.

ஒரு குறை மட்டும் இத்துறையில் தீராமல் நிற்கிறது. கொல்ல, குதிக்க, குட்டிக்கரணம் போட எல்லாவற்றுக்கும் பட்டன் இருக்கிறது, நினைத்த இடத்தில் உட்காரத்தான் பல கேம்களில் இருப்பதில்லை. பிரெத் ஆஃப் தி வைல்டில் அத்தனை மலையும் ஏறலாம். ஏறியபின் லிங்க் உச்சியில் விறைத்துக்கொண்டு நிற்பான். உட்கார வேண்டுமானால் தீ மூட்ட வேண்டும். மூட்டினால் விடியும்வரையா, இருட்டும்வரையா என்று கேட்டு, பார்க்க வந்த பொழுதையே விழுங்கிவிடும். ஆகவே கேம் செய்கிற ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நூறு துப்பாக்கியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், மலையுச்சியில் ஒரு பெஞ்சு போடுங்கள், மறக்காமல் அதில் உட்காரவும் விடுங்கள்.