பக்கம் புரட்டும் வித்தை: உலு யாம் வட்டாரத்துப் பிறந்தநாள் காணொளிகள் குறித்து ஓர் ஆய்வு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உலு யாம் தொடங்கி, பத்தாங் காலி, ராசா வழியாகக் கோலகுபு பாரு வரையிலும், மேற்கே கோல சிலாங்கூர் வரையிலும், ரப்பர் தோட்டத்தில் பிறந்து தாமானில் (நகர்ப்புறக் குடியிருப்பில்) குடியேறிய குடும்பம் எதுவாக இருந்தாலும், தாத்தாவின் எண்பதாம் பிறந்தநாளில் கேக் வெட்டியதற்கும் சாப்பாட்டுக்கும் நடுவே மண்டபத்தின் விளக்கை அணைத்து ஒரு காணொளி போடுவது இன்று மரபாகிவிட்டது. வீட்டிலுள்ள படங்களைப் பேரப்பிள்ளைகள் திரட்டி, மென்பொருளில் வரிசையாக அடுக்கி, அடியில் ஒரு பழைய பாட்டை ஓடவிட்டுச் செய்கிற காணொளி அது. அதில் யார் படம் விட்டுப்போயிற்று என்று சண்டை வரும். பாட்டு பொருத்தமில்லை என்று விமர்சனம் வரும். ஆனால் ஒரு படம் போய் அடுத்த படம் வருவதற்குள் திரை இதயமாகச் சுருங்கி, நட்சத்திரமாக விரிந்து, பக்கமாகப் புரள்கிறதே, அந்தக் கூத்தை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. அதற்கு 'இடைமாற்று' என்று பெயரிட்டுக்கொண்டு இவ்வாய்வு நிறுவ முயல்வது இதுதான்: தோட்டத்து மனிதரின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தக் காணொளியின் படங்களில் இல்லை, இடைமாற்றுகளில்தான் இருக்கிறது.

முதற்சான்று கணக்கு. பாட்டு நான்கரை நிமிடம், அதாவது 270 விநாடி என்று கொள்வோம். காணொளியின் நீளத்தைத் தீர்மானிப்பது பாட்டே. எவ்வளவு பெரிய வாழ்வானாலும் இரண்டாம் சரணத்தோடு முடிந்தாக வேண்டும். விண்டோஸ் மூவி மேக்கர் மென்பொருளின் எக்ஸ்பி காலத்துப் பதிப்பு, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், படத்துக்கு ஐந்து விநாடி ஒதுக்கும். ஆக 54 படம். 1936இல் பிறந்த ஒருவருக்கு 2016இல் விழா. அவருடைய முதல் அறுபது ஆண்டுகளுக்குக் கிடைத்த படங்கள் நான்கு. மீதி ஐம்பதும் கடைசி இருபது ஆண்டுகளுக்கு உரியவை என்று வைத்துக்கொண்டால், முற்பகுதியில் ஓர் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு விநாடியும், பிற்பகுதியில் ஓர் ஆண்டுக்குப் பன்னிரண்டரை விநாடியும் கிடைக்கின்றன. அதாவது தோட்டத்து ஆண்டுகள் முப்பத்தேழரை சேர்ந்தால்தான் தாமானின் ஓர் ஆண்டுக்கு ஈடாகும். ஐன்ஸ்டைன் காலம் சுருங்குவதற்கு ஒளியின் வேகத்தை நெருங்க வேண்டும் என்றார்; பேரனின் மடிக்கணினியே போதும் என்பது இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்பு.

படம் ஏன் நான்கு என்பதற்குக் காரணம் வறுமை என்று சொல்லிவிட்டு நகர்வது சோம்பல். கேமராவும் பால்வெட்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியாதவை என்பதே முதன்மைக் காரணம். வெயில் ஏறினால் மரத்துக்குள் பாலின் அழுத்தமும் ஒழுக்கும் குறைந்துவிடும். ஆகவே விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) நின்று, நெற்றி விளக்கோடு நிரையில் இறங்க வேண்டும். அக்காலத்துப் பெட்டிக் கேமராவோ நல்ல வெயிலில்லாமல் எதையும் பார்க்காது. வெயில் வந்தாலும் ரப்பர் இலைக்கூரைக்கு அடியில் அது வந்து சேராது. ஒரு சுருளுக்கு எட்டே படம். அந்த எட்டில் ஒன்றைப் பால்கறை படிந்த சட்டைக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. எனவே படம் என்பது வேலையில்லாத நாளில், கடன் வாங்கிய கோட்டோடு, ஸ்டூடியோவில் எடுப்பது. கிடைக்கிற நான்கையும் பாருங்கள்: அடையாள அட்டைப் படம், கல்யாணப் படம், தோட்டத்துத் திருவிழாவில் ஓரமாக நிற்கும் குழுப்படம், மகளின் கல்யாணத்தில் எடுத்தது. நான்கில் ஒன்றிலும் ஒரு ரப்பர் மரம் இல்லை. நாற்பது ஆண்டு மரத்தோடு வாழ்ந்தவரின் வரலாற்றில் மரமே இல்லாமற்போனது இப்படித்தான்.

அந்த நான்கிலும் மூத்ததான அடையாள அட்டைப் படத்துக்குத் தனி விளக்கம் வேண்டும். 1948 ஜூனில் மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை எதிர்த்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லோரையும் படம் பிடித்து, கைரேகை எடுத்து, அட்டை கொடுத்தார்கள். காட்டிலிருந்து வருபவர் யார், தோட்டத்து லயத்திலிருந்து (வரிசை வீடுகளிலிருந்து) வருபவர் யார் என்று பிரித்தறிய அரசுக்கு முகம் தேவைப்பட்டது. உலு யாம் அடங்கிய உலு சிலாங்கூர் மாவட்டம் அந்தப் போரின் நடுக்களங்களில் ஒன்று. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது கோலகுபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறும் சாலையில்தான். ஆகவே தாத்தாவின் முதல் படத்தை எடுக்கச் செய்தது பாசம் அன்று, சந்தேகம். பேரன் அந்தப் படத்தை ஓர் இதயத்துக்குள்ளிருந்து மலரச் செய்கிறான். அதன்மேல் 'ஃபிலிம் ஏஜ்' என்னும் விளைவைப் போட்டு, ஏற்கெனவே கீறல் விழுந்த படத்தில் செயற்கைக் கீறலும் சேர்க்கிறான். பின்னாளில் குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை என்று வந்தது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலைசெய்ய அனுமதிச் சீட்டு வேண்டியதாகி, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். ஒரு குடும்பத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்த அந்த நிறத்தை, முகத்தை மட்டும் வெட்டியெடுக்கும் கருவி நீக்கிவிடுகிறது. தப்பித்தவறி ஓரத்தில் ஒட்டியிருந்தால் பழுப்பு வடிகட்டி அதையும் தின்றுவிடுகிறது.

இனி இடைமாற்றுகளை எண்ணலாம். தலைப்பில் மின்னும் நட்சத்திரங்களுக்கும் அட்டைப் படத்துக்கும் நடுவே ஜப்பானியர் ஆட்சி இருக்கிறது. சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடித்த காலம் இருக்கிறது. அட்டைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே, பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்கும் தோட்டத் துண்டாடல் தொடங்குகிறது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறக்கிறது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் நடுவே சிவப்பு அட்டையின் கவலை. திருவிழாவுக்கும் மகளின் கல்யாணத்துக்கும் நடுவே ரப்பர் போய்ச் செம்பனை வருகிறது. 1990களில் செம்பனையும் போய்ப் புக்கிட் பெருந்தோங் போன்ற நகர்கள் எழுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் தருவது ஒன்றேகால் விநாடி. இடப்பெயர்கூட நிலைத்து நிற்பதில்லை. திருவிழாப் படத்தின் கீழே 'பெஸ்தாரி ஜெயா, 1965' என்று பேத்தி எழுதினால், அந்த ஊர் 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்பதை எந்த மென்பொருளும் அடிக்கோடிட்டுக் காட்டாது.

'மென்பொருளில் இருந்தது, போட்டான். இதற்கு இத்தனை பொருளா?' எனின், அற்றன்று. மூவி மேக்கரில் இடைமாற்று ஒன்றும் போடாமலே படங்களை ஒட்டலாம். சும்மா விட்டால் அது வெட்டாகவே போகும். இதயமும் சாவித்துளையும் ஒருவர் வேலைமெனக்கெட்டுத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டால்தான் வரும். இரண்டு படங்கள் ஒட்டவில்லை என்று கைக்குத் தெரிகிற இடத்தில்தான் பகட்டு கூடுகிறது. பேரன் பிறந்த பிறகு எடுத்த படங்கள் திறன்பேசியிலிருந்து நூற்றுக்கணக்கில் வருகின்றன; ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நடுவே பக்கம் புரட்டத் தேவையில்லை. முப்பது வயதிலிருந்து ஐம்பதுக்குத் தாவும்போதுதான் திரை சதுரங்கக் கட்டங்களாகச் சிதற வேண்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2017இல் மூவி மேக்கரைக் கைவிட்டது. கைன்மாஸ்டரும் கேப்கட்டும் அந்த இடத்துக்கு வந்தன. இடைவெளி மட்டும் கைமாறி அப்படியே இருக்கிறது.

இரண்டாம் தடை உலக சினிமாவிலிருந்து வருவது. கனடாவின் 'சிட்டி ஆஃப் கோல்ட்' 1957இலேயே பழைய நிழற்படங்களின்மேல் கேமராவை ஊரவிட்டது. அதன் வழிவந்த கென் பர்ன்ஸ் 1990இல் 'தி சிவில் வார்' தொடரில் அதே முறையைப் பேர்பெறச் செய்தார். 2003இல் ஆப்பிள் தன் ஐமூவியில் அவர் பெயரிலேயே ஒரு விசையை வைத்தது. கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' 1962இல் ஏறக்குறைய முழுவதும் நிழற்படங்களாலேயே ஆனது. இவர்களும் அசையாப் படங்களை வைத்துத்தானே சாதித்தார்கள் என்று கேட்கலாம். கேள்வி சரியே; ஆனால் அவர்கள் படத்துக்குள்ளே பயணம் செய்தவர்கள். உலு யாம் பேரன் திருவிழாப் படத்துக்குள் போய்ப் பார்க்கட்டும். கண்ணாடிச் சட்டத்தோடு, ட்யூப்லைட் பிரதிபலிப்போடு திறன்பேசியில் எடுத்த குழுப்படத்தில் தாத்தாவின் முகம் கடுகளவு. அதைத் திரையளவு பெருக்கினால் கட்டம் கட்டமாக ஏதோ தெரியும். அது தாத்தாவா, பக்கத்தில் நின்ற தண்டலா (தோட்டத்து மேற்பார்வையாளரா) என்று அத்தைகளுக்குள் கருத்து வேறுபாடு எழும். உள்ளே போக வழியில்லாதபோது, தாண்டிப் போவதே வழி.

மூன்றாவது தடை புதியது: 2021இல் மைஹெரிட்டேஜ் நிறுவனம் 'டீப் நாஸ்டால்ஜியா' கொண்டுவந்தது, பழைய முகங்கள் கண்சிமிட்டிச் சிரிக்கின்றன. இனி இல்லாத படங்களையும் கணினியே உண்டாக்கித் தரும்போது இடைவெளி ஏது என்பர். 1948இன் அட்டைப் படம் சிரிக்குமானால் அது சிரிப்பவருடைய சிரிப்பன்று. கைரேகை மேசைக்கு முன்னால் நின்ற பன்னிரண்டு வயதுப் பையன் சிரிக்காததே அந்தப் படத்தின் செய்தி. இடைவெளியைப் பொய்யால் நிரப்புவதைவிட இதயத்தால் மூடுவதே நேர்மை என்பது இவ்வாய்வின் துணிபு. மூடியிருக்கிறது என்றாவது பார்ப்பவருக்குத் தெரிகிறதல்லவா?

முடிவாக ஒரு பரிந்துரை. பத்தாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி வருமிடத்தில் இடைமாற்றை எடுத்துவிட்டு, பழைய சம்பளச் சீட்டையோ, சங்க அட்டையையோ, சேமநிதிக் கணக்குத் தாளையோ வைக்கலாம். அவையும் இல்லையென்றால் திரையைக் கறுப்பாக விட்டுக் காணொளியை நிறுத்திவிடலாம். ப்ரொஜெக்டர் கெட்டுவிட்டது என்று பின்வரிசையில் சத்தம் வரும்; அதற்குள் ஒலிவாங்கியை முன்வரிசைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஏனெனில் இந்தத் துறையின் முதன்மைச் சான்றாதாரம் மாலை போட்டுக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மண்டபமே அதன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அதன் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்தத் தோட்டம், எத்தனையாம் லயம், எந்த ஆண்டு வெளியேறினீர்கள் என்று கேட்டால், நான்கரை நிமிடத்தில் அடங்காத பதில் வரும். அதற்குள் பிரியாணி ஆறிப்போகாதா என்னும் இறுதித் தடைக்கு மட்டும் இவ்வாய்வில் விடையில்லை. அது கேட்டரிங்காரருடன் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டியது.