படிப்பா, பயணமா?

கேள்வி: மாணவர்கள் கூட்டமாக ப்ராக் நகருக்குப் போகிறார்களே, படிக்கவா, ஊர் சுற்றவா?

பதில்: அந்த ஊரில் சுற்றினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்! பழைய நகரச் சதுக்கத்தில் 1410-இல் அமைத்த வானியல் கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கும். மேலே ஜன்னல்களில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போவார்கள். மொத்த வகுப்பும் அண்ணாந்து அசையாமல் நிற்கும் நேரம் அதுதான். தலை எண்ண நினைக்கும் ஆசிரியர்கள் அப்போதே எண்ணிவிடலாம். சார்லஸ் பாலத்தில் வேண்டிய மட்டும் படம் எடுக்கட்டும்.

ஆனால் நரோத்னி தெருவை மட்டும் விட்டுவிடக் கூடாது. 1939 நவம்பர் 17-இல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை மூடி, ஒன்பது பேரைக் கொன்றார்கள். அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1989-இல் ஊர்வலம் போன மாணவர்களை, இந்தத் தெருவில்தான் போலீஸ் மறித்து அடித்தது. அடுத்த சில வாரங்களில் கம்யூனிஸ்ட் ஆட்சியே போய்விட்டது! அதன் நினைவாக அந்தத் தெருவில் ஒரு வளைவுக்குள், உயர்த்திய கைகளை வெண்கலத்தில் வார்த்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள். சின்னது, தேடித்தான் பார்க்க வேண்டும். மாணவர்கள் வயதுப் பிள்ளைகள் வரலாற்றைத் திருப்பிய இடம் அது. ஆசிரியர்களே, கடைத்தெருவுக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை இதற்குக் கொடுங்கள்.